படம் புடிச்சாச்சுங்களா?

சேலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஏற்காடு என்பது வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. விருந்தாளி வந்தால் ஏற்காடு, பரீட்சை முடிந்தால் ஏற்காடு, வெயில் பொறுக்கவில்லை என்றாலும் ஏற்காடு! அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு ஏறுவதற்குள் காது அடைத்துக் கொள்ளும். சின்னவன் எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக் கொண்டு வருவான். அப்புறம் சில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிக்கும் பாருங்கள், அதற்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம்.

'ஏழைகளின் ஊட்டி' என்று ஏற்காட்டுக்கு ஒரு பெயர் உண்டு. ஊட்டிக்குப் போகக் கட்டுப்படியாகாத எங்களைப் போன்றவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அங்கேயே இருக்கும் ஏழைகளைப் பற்றி ஒரு நாளாவது நினைத்திருப்பேனா என்றால், இல்லை. என்னை நினைக்க வைத்தது ஒரு நாய். அதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம். கோடை விழா நடந்து கொண்டிருந்தது. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி. எங்கள் வீட்டுச் சின்னவனுக்கோ நாய்க் கண்காட்சி என்றால் உயிர். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று நம் ஊர் ஜாதி நாய்களும், லாப்ரடார், டாபர்மேன் என்று சீமை நாய்களும் குளித்து, சீவி, பளபளவென்று வந்து நிற்கும். ஒரு பொமரேனியனுக்கு அதன் எஜமானி அம்மாள் கைவிசிறியால் விசிறிக் கொண்டிருந்தாள். அந்தக் குளிரில்! நாங்கள் சிரித்துக் கொண்டோம்.

என் பெரியவள் அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். புகைப்படத்தில் பைத்தியம். அப்பாவை நச்சரித்து, பாதிப் பணம் தன் ஸ்காலர்ஷிப்பிலிருந்து போட்டு, ஒரு காமிரா வாங்கியிருந்தாள். காலேஜில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள், தலைப்பு 'பசி'. காலையிலிருந்து அவள் கண் அதற்குத்தான் அலைந்து கொண்டிருந்தது.

மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தோம். இவரும் சின்னவனும் டீ குடிக்கப் போனார்கள். எனக்குப் பித்த உடம்பு, வெறும் வயிற்றில் பஸ் ஏறக்கூடாது என்று ஒரு பன் வாங்கிக் கையில் வைத்திருந்தேன். அப்போதுதான் பெரியவள் என் தோளைத் தொட்டு, "அம்மா, அங்கே பார்!" என்றாள்.

சாக்கடை ஓரமாக ஒரு பெண் நாய். நாய் என்று சொல்ல அதில் என்ன இருந்தது? எலும்புக் கூட்டின் மேல் தோலைப் போர்த்தியது போல் இருந்தது. விலாவை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். இடுப்பு எலும்பு இரண்டும் துருத்திக் கொண்டிருந்தன. முதுகில் சொறி. மடி மட்டும் தொங்கித் தொங்கி ஆடியது. சிப்ஸ் பொட்டலம் ஒன்றைக் காலால் அமுக்கிக் கொண்டு, உள்ளே ஒன்றுமில்லாத அந்த வெறும் காகிதத்தை நக்கிக் கொண்டே இருந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னைப் பிய்க்கப் போனேன்.

"அம்மா, இரு இரு! இப்போ போட்டுடாதே. போட்டா வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வந்துடும். அந்த முகம் போயிடும். ஒரே நிமிஷம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பன்னை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டேன். வாசனை பிடித்து விடப் போகிறதே என்று இரண்டடி பின்னால் வேறு நகர்ந்தேன்!

ஒரு நிமிஷம் என்றது ஐந்து நிமிஷமாகி, பத்து நிமிஷமாயிற்று. குனிந்து எடுத்தாள், மண்டி போட்டு எடுத்தாள். வெளிச்சம் சரியில்லை என்றாள். "ச்சூ, அந்தப் பக்கம் போ" என்று நானே கையை வீசி அந்த ஜீவனை வெயிலுக்கு விரட்டினேன். அது பயந்து, நாலடி தள்ளி வெயிலில் போய் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தது. 'க்ளிக்'. "சூப்பரா வந்துடுச்சும்மா!" என்று என் பெண் துள்ளினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"படம் புடிச்சாச்சுங்களா அம்மா? இனி அதுக்கு சோறு போடலாமுங்களா?"

திரும்பிப் பார்த்தேன். கரி அடுப்பு வைத்து சோளக்கருது சுட்டு விற்கும் அம்மாள். என் வயதுதான் இருக்கும். மலைக்காரப் பெண். சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களை 'மலையாளிகள்' என்பார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது நம் தமிழ்தான். காஞ்சீபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வம்சக் கதை. அவள் கையில் ஒரு தூக்குப் போசி இருந்தது. அதிலிருந்து ஒரு கை பழைய சோற்றை எடுத்து உருட்டி வைத்திருந்தாள். நாங்கள் படம் எடுத்து முடிக்கட்டும் என்று இத்தனை நேரமும் காத்திருந்திருக்கிறாள்!

அவள் கேட்டதில் குத்தல் இல்லை. அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. வெளியூர்க்காரர்கள், ஏதோ காரியமாய்ப் படம் எடுக்கிறார்கள், நாம் குறுக்கே போகக் கூடாது என்று மரியாதையாக நின்றிருக்கிறாள்.

"போடுங்க, போடுங்க" என்றேன், நாக்கு உலர்ந்து.

அவள் "வா ஆத்தா" என்றாள். அந்த நாய் அவள் காலடிக்கு வந்தது. ஆனால் முழுவதும் தின்னவில்லை. பாதியை விழுங்கிவிட்டு ஒரு கவளத்தை வாயில் கவ்விக் கொண்டு கடைகளுக்குப் பின்னால் ஓடியது.

"அஞ்சு குட்டிங்கம்மா. ரெண்டு செத்துப் போச்சு. மூணு இருக்குது. எது தின்னாலும் பாலாப் போயிருது, அது மேலுக்கு ஒட்டறதில்லீங்க. யாரும் சோறு போடறதில்லைன்னு நெனைக்காதீங்க. நானும் போடறேன், பரோட்டாக் கடைக்காரரும் போடறார். எங்களுக்கே சில நாளைக்குப் பத்தாது. மழை புடிச்சா ஆளு வராது, கருது விக்காது. அன்னைக்கு அதுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

என் பெண் காமிராவை மெதுவாக அவள் பக்கம் தூக்கினாள். அந்த அம்மாள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக் கொண்டு சிரித்தாள். "என்னையும் புடிச்சிராதே கண்ணு. அந்த நாய்க்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியுமே!"

பஸ்ஸில் இறங்கும்போது இருபது வளைவும் எனக்குத் தெரியவில்லை. என் மடியில் அந்தப் பன் அப்படியே இருந்தது. 'நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்' என்று தர்மபுத்திரர் நின்ற கதையைக் குழந்தைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கையில் பன்னை வைத்துக் கொண்டு ஒரு பிள்ளை பெற்ற நாயை வெயிலுக்கு விரட்டியவள் நான்.

படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆயிரம் ரூபாயும் ஒரு சர்டிபிகேட்டும். பரிசளிப்புக்கு நானும் போயிருந்தேன். பேசிய பேராசிரியை அம்மாள் படங்களைப் பாராட்டிவிட்டு இரண்டு விஷயங்கள் சொன்னார்கள். பத்தாவது வரை படித்த எனக்கு அவை இரண்டும் புதிது.

முதலாவது நம் ஊர்ச் சங்கதி. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அதுதான். சோற்றை இறைத்தால் என் பாட்டி, "தாது வருஷத்துப் பசி தெரியுமா உனக்கு?" என்று கேட்பாள், அவளுக்கு அது அவள் பாட்டி சொன்ன கதை. எங்கள் சேலம் ஜில்லாவில் அடி பலமாக விழுந்தது. 1871 கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881ல் மூன்று லட்சத்துக்கும் அதிகமாக ஜனங்கள் குறைந்து போயிருந்தார்களாம். அந்தப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி, எலும்பும் தோலுமான குடும்பங்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் படமெடுத்தார். அவை இன்றைக்கும் இருக்கின்றன. படம் எடுத்து முடித்ததும் அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே அவர்மேல் பழிச்சொல் இருந்ததாம்.

இரண்டாவது, 1993ல் சூடான் தேசத்தில் நடந்தது. பசியால் தரையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு குழந்தை, அதன் பின்னால் காத்திருக்கும் ஒரு பிணந்தின்னிக் கழுகு. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கெவின் கார்ட்டர் எடுத்த படம். 1994ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 'குழந்தையைத் தூக்கினாயா?' என்று உலகமே அவரைக் கேட்டது. கழுகை விரட்டினேன் என்றார் அவர். பல துயரங்கள் சேர்ந்து அழுத்த, அதே வருஷம் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அந்தக் குழந்தை அப்போது சாகவில்லை, பிழைத்துக் கொண்டது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது. ஆனால் ஒன்று: அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் சூடானில் பஞ்சம் என்பதே எத்தனையோ பேருக்குத் தெரிந்தது என்றும் அந்த அம்மாள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் பெண் கேட்டாள்: "அப்போ நான் அந்தப் படத்தை எடுத்தது தப்பாம்மா?"

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "படம் எடுத்தது தப்பில்லை, கண்ணு. கண்ணை மூடிக்கிட்டுப் போறதைவிட அது மேல். ஆனா படம் எடுத்துட்டா அதுக்கு நாம கடன்பட்டுட்டோம். அந்தக் கடனை அடைக்காம வந்தோம் பாரு, அதுதான் தப்பு. அதுவும் உன் தப்பு பாதிதான். பன் என் கையிலே இருந்தது."

ஆயிரம் ரூபாயையும் எடுத்துக் கொண்டு ஜூலை மாதம் மறுபடி மலையேறினோம். மழைச் சாரல். ஏரிக்கரையில் ஆளே இல்லை. மே மாதத்தில் கால் வைக்க இடமில்லாத ஊரா இது என்று இருந்தது. பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. இதுதான் ஏற்காட்டின் நிஜ முகம் போலிருக்கிறது, நாங்கள்தான் இத்தனை நாளும் விழா முகத்தை மட்டும் பார்த்திருக்கிறோம்.

அந்த அம்மாள் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். எங்களை அடையாளமே தெரியவில்லை. "படம் புடிச்ச அம்மாவா!" என்று அப்புறம் சிரித்தாள். குட்டிகளில் ஒன்றை எஸ்டேட் வேலைக்காரர் ஒருவர் கொண்டு போய் வளர்க்கிறாராம், இன்னொன்று வண்டியில் அடிபட்டுவிட்டது, ஒன்று அம்மாவோடு இருந்தது. பால் மறந்ததால் தாய் நாயின் விலா சற்று மூடியிருந்தது. முதுகுச் சொறி மட்டும் அப்படியே.

அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டோம். நாங்கள் பிஸ்கட், ரொட்டி என்று யோசித்திருந்தோம். அவள், "தின்னறதுக்கு எப்படியோ ஓடிருங்க. ஊசி போட்டு விட்டா நல்லது. பஸ் ஸ்டாண்டிலே குழந்தைங்க நடக்குதுங்க. நாளைக்கு ஒண்ணைக் கடிச்சிருச்சுன்னா நாயை அடிச்சே கொன்னுருவாங்க" என்றாள். நாயைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் ஒரே மூச்சில் கவலைப்பட்டாள் அவள்.

கால்நடை டாக்டர் நல்ல மனிதர். தாய்க்கும் குட்டிக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பூச்சி மாத்திரையும் சொறிக்கு மருந்தும் கொடுத்தார். குட்டி ஈன்ற நாய்க்கு சாதாரண நாளைவிட இரண்டு, மூன்று மடங்கு ஆகாரம் வேண்டுமாம். அது கிடைக்காவிட்டால் தன் சதையைக் கரைத்துப் பால் கொடுக்குமாம். நாமெல்லாம் பிள்ளை பெற்றவர்கள், நமக்குச் சொல்ல வேண்டுமா? அவர் சொன்னதிலும், பிறகு நான் கேட்டறிந்ததிலும் நம் வீடுகளுக்கு உபயோகமானவற்றை இங்கே எழுதுகிறேன்.

பல நாள் பட்டினி கிடந்த பிராணிக்கு ஒரேயடியாக வயிறு முட்டப் போடக்கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தடவையாகக் கொடுக்க வேண்டும். மசித்த சாதத்தோடு உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேக வைத்த முட்டையோ கோழியோ நல்லது. வெந்த எலும்பு சிதறித் தொண்டையில் குத்தும். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம். நல்ல தண்ணீர் ஒரு மண் சட்டியில் வைத்தால் பெரிய புண்ணியம்.

குட்டி போட்ட நாயின் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள், அது பயத்தில் கடிக்கும். நாய்க்குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும், நகம் கீறினாலும் அலட்சியம் வேண்டாம். உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக்கூடாது. கழுவியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடும் அந்தக் கால ஊசி நம் தேசத்தில் 2004 டிசம்பரோடு நின்று போயிற்று. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28 ஆம் நாட்கள் என்றோ, டாக்டர் சொல்லும் வேறு கணக்கிலோ, ஒன்றுகூடத் தவறவிடக் கூடாது. காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு ஊசியும் உண்டு. வெறிநோய் வந்த பிறகு வைத்தியம் கிடையாது. வருவதற்கு முன் பூரணப் பாதுகாப்பு உண்டு. இதை ஒவ்வொரு தாயும் ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும்.

தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதில், கருத்தடை ஆபரேஷனும் தடுப்பூசியும் செய்து விடும் வழி நம் சென்னையில்தான் 1960களில் ஆரம்பமாயிற்று. 1959ல் கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் துவக்கிய புளூ கிராஸ் அதைச் செய்தது. உஷா சுந்தரம் ஆகாய விமானம் ஓட்டிய பெண்மணி! பிறகு 2001லும் 2023லும் மத்திய அரசே இதை விதியாகக் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், தெருவில் கண்ட இடத்தில் சோறு போடாமல், உள்ளாட்சி ஒதுக்கும் இடத்தில் போட வேண்டும் என்று சொன்னது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் நாய்கள் கூடாமலிருக்க அதுவும் நியாயம்தான். உங்கள் பகுதியில் அப்படி இடம் உண்டா, கருத்தடை செய்கிறார்களா என்று பஞ்சாயத்து அல்லது நகராட்சி அலுவலகத்தில் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். ஒரு பிடி சோறு ஒரு வேளைக்கு. ஆபரேஷன் செய்துவிட்டால் அடுத்த வருஷம் இன்னும் ஐந்து குட்டிகள் சாக்கடை ஓரம் பசியில் சாகாது.

அன்று கிளம்பும்போது அந்த அம்மாளே, "எங்களை ஒரு படம் புடி கண்ணு. இன்னைக்கு நல்லா இருக்குதில்ல?" என்றாள். முந்தானையைச் சரி செய்து கொண்டு நின்றாள். காலடியில் தாயும் குட்டியும். முதுகில் மருந்து தடவி அந்த நாய் பார்க்க விகாரமாகத்தான் இருந்தது. என் பெண் மண்டி போடவில்லை, வெளிச்சம் பார்க்கவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தாள். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினோம். எங்களுக்கும் ஒரு பிரதி உண்டு. போட்டிக்கெல்லாம் லாயக்கில்லாத படம், கொஞ்சம் ஆடிக்கூடப் போயிருக்கிறது. பரிசு வாங்கிய படம் பீரோவில் சர்டிபிகேட்டோடு இருக்கிறது. இந்தப் படம்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஓட்டலுக்குப் போனால் சின்னவன் தோசை வந்தவுடன் போனை எடுத்துப் படம் பிடிப்பான். இவர் உடனே அந்த அம்மாள் குரலிலேயே, "படம் புடிச்சாச்சுங்களா? இனி சாப்பிடலாமுங்களா?" என்று கேட்பார். குழந்தைகள் சிரிப்பார்கள்.

நானும் சிரிப்பேன். ஆனால் என் கை மட்டும், அதற்குத் தெரியாமலே, முந்தானைக்குள் எதையோ தேடும்.